மன்னிப்பு கேட்டு வந்தவரிடம் 'ஒன்றுமில்லை' என்று சொல்லலாமா?

இஸ்ரேலில், ஹைஃபாவில், ஒரு யூதப் பாட்டியைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருக்கும் சகோதரி கேட்டிருக்கிறார். யூதர்களின் பாவநிவிர்த்தி நாளான யோம் கிப்பூர் நோன்புக்கு இரண்டு நாள் முன்னால் பாட்டியின் மகன் வந்து, மாத்திரை கொடுக்கத் தாமதமானதற்காகப் போன கோடையில் விருந்தாளிகள் முன்னிலையில் கத்தியதைச் சொல்லி மன்னிப்பு கேட்டாராம். இவர் பதறிப்போய் "ஐயோ, அதெல்லாம் ஒன்றுமில்லை" என்றிருக்கிறார். வந்தவர் முகம் தெளியாமலே போய்விட்டாராம். தப்பாகச் சொல்லிவிட்டேனா என்பதுதான் கேள்வி.

தப்பில்லை சகோதரி. "மன்னிப்பெல்லாம் பெரிய வார்த்தை" என்று தடுப்பது நம் பக்கத்து மரியாதை. ஆனால் அவருக்கு அந்தப் பெரிய வார்த்தைதான் வேண்டியிருந்தது.

இப்படித் தவறை உணர்ந்து திருந்துவதை யூதர்கள் தெஷுவா என்பார்கள். திரும்பி வருவது என்று பொருள், தமிழ் பைபிளில் வரும் 'மனந்திரும்புதல்' கிட்டத்தட்ட இதுதான். யோம் கிப்பூர் அன்று சுமார் 25 மணி நேரம் சாப்பிடாமல், தண்ணீர்கூடக் குடிக்காமல், 'நாங்கள் குற்றம் செய்தோம்' என்று ஒவ்வொரு குற்றமாகச் சொல்லி நெஞ்சில் தட்டிக்கொண்டு நிற்பார்கள். ஆனால் அத்தனை நோன்பும் கடவுளுக்கு எதிராகச் செய்ததற்குத்தான். இன்னொரு மனிதனுக்குச் செய்த தவறு, அவனைச் சமாதானப்படுத்தும்வரை அந்த நாளிலும் தீராது என்று யூதர்களின் பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னா நேராகவே சொல்கிறது. உங்களை நோகடித்ததை உங்கள் சார்பில் கடவுள் மன்னிக்க மாட்டார், அதனால்தான் ஜெப ஆலயத்துக்குப் போகுமுன் உங்களிடம் வந்திருக்கிறார்.

12-ஆம் நூற்றாண்டு யூத அறிஞர் மைமோனிடிஸ் இதற்கு வழியையே வகுத்துவைத்தார். போய்க் கேட்க வேண்டும். அவர் மனம் இறங்கவில்லை என்றால் நண்பர்கள் மூவரைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும், அதற்கும் இறங்காவிட்டால் மறுபடியும், அப்புறம் இன்னொரு தடவையும். அதற்குமேல் மன்னிக்காதவர் மேல்தான் குற்றம். பாதிக்கப்பட்டவர் இறந்துபோயிருந்தால் பத்துப் பேரோடு கல்லறைக்குப் போய், இன்னாருக்கு இன்னது செய்தேன் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். எனக்கு இதில் பிடித்தது அந்த 'இன்னது'தான். உங்களிடம் வந்தவரும் மொத்தமாக 'ஏதாவது தப்பு பண்ணியிருந்தால்' என்று கேட்கவில்லை, மாத்திரையையும் விருந்தாளிகளையும் சொல்லிக் கேட்டிருக்கிறார். அதை 'ஒன்றுமில்லை' என்று நீங்கள் சொன்னதும், சுமந்து வந்ததை இறக்கிவைக்க இடமில்லாமல் திரும்பிப் போயிருக்கிறார்.

இதற்காக மனசில் இல்லாததைச் சொல்ல வேண்டும் என்றில்லை. இன்னும் வலித்தால் வலிக்கிறது என்றே சொல்லுங்கள். சம்பள பாக்கி ஏதாவது இருந்தால் அதையும் கேளுங்கள், பணம் சம்பந்தப்பட்ட தவறில் வெறும் வார்த்தை செல்லாது, கொடுக்க வேண்டியதைக் கொடுத்தே ஆக வேண்டும். ஆனால் திரும்பி வருகிறவனுக்கு வழியை அடைக்கக் கூடாது என்பதிலும் யூத அறிஞர்கள் கவனமாக இருந்தார்கள்: திருடிய உத்தரத்தை வைத்து ஒருவன் வீடே கட்டிவிட்டான் என்றால், வீட்டை இடித்து மரத்தைத் திருப்பித்தரச் சொல்லாமல், விலையைக் கொடுத்தால் போதும் என்று விதித்தார்கள். இடிக்கச் சொன்னால் ஒருத்தன்கூடத் திருந்த வரமாட்டான் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

சரி, இப்போது என்ன செய்வது? யோம் கிப்பூர் முடிந்துவிட்டதே என்று யோசிக்க வேண்டாம், தெஷுவா வருஷம் முழுக்க உண்டு. அடுத்த தடவை அவர் தன் அம்மாவைப் பார்க்க வரும்போது, "அன்றைக்கு எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது" என்று முதலில் சொல்லுங்கள். மனசு ஒப்பினால், "சலஹ்தி" என்று சொல்லுங்கள். 'மன்னித்தேன்' என்று அர்த்தம். யோம் கிப்பூர் தொடங்கும் இரவில், 'உன் வார்த்தையின்படியே மன்னித்தேன்' என்ற கடவுளின் வாக்கை மூன்று முறை சொல்வார்கள், அதில் வருவதும் இதே சொல்தான். உங்கள் வாயிலிருந்து அது வந்தால் அவருக்கு உடனே புரியும்.