கப்பலில் வாக்குவம் டாய்லெட் பம்ப் ஓயாமல் ஓடுகிறது, பம்பைக் கழற்றலாமா?

ஃபோர்த் இன்ஜினியராக முதல் கப்பல், வாக்குவம் பம்ப் ராப்பகலாக ஓடுகிறது, மேல் டெக் டாய்லெட்கள் சரியாக இழுக்கவில்லை, பம்பைக் கழற்றலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம், இப்போதைக்குப் பம்பைத் தொடாதீர்கள். நான் பார்த்தவரை இப்படி ஓடும்போது பம்ப் பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கும், எங்கோ ஒரு டாய்லெட் வழியாகக் காற்று உள்ளே போய்க்கொண்டிருக்கும்.

பட்டனை அழுத்தினால் டிஸ்சார்ஜ் வால்வு இரண்டு மூன்று விநாடி திறக்கும், அறையில் இருக்கும் காற்றுதான் கழிவைக் குழாய்க்குள் தள்ளுகிறது, தண்ணீர் ஒரு லிட்டர் சொச்சம்தான். அதனால் அந்த வால்வு சரியாக மூடாவிட்டால் மொத்த லைனும் படுத்துவிடும்.

சரி, எப்படித் தேடுவது? கழிவுநீர் சுத்திகரிப்பு பிளான்ட் பக்கத்தில், அக்கொமடேஷனிலிருந்து (ஆட்கள் தங்கும் பகுதி) வரும் லைன் வால்வுகள் எல்லாவற்றையும் மூடிவிட்டு (கப்பலில் எல்லோரிடமும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்) வாக்குவம் கேஜைப் பாருங்கள். எங்கள் கப்பலில் மைனஸ் 0.35 பாரில் பம்ப் ஓடத் தொடங்கும், மைனஸ் 0.5 வந்ததும் நிற்கும். மூடியதும் கேஜில் வாக்குவம் ஏறி, பம்பும் நின்றுவிட்டால் கோளாறு மேலேதான். ஏறவே இல்லையென்றால் அப்போது எஜெக்டர் (பாயும் நீரால் காற்றை உறிஞ்சி வாக்குவம் உண்டாக்கும் பகுதி) நாசில், அதன் நான்-ரிட்டர்ன் வால்வு (ஒரு பக்கம் மட்டும் விடும் வால்வு), பம்பின் சுழலும் இம்பெல்லரில் துணி ஏதும் சுற்றியிருக்கிறதா என்று திறந்து பார்க்கலாம். அப்புறம் ஒவ்வொரு லைனாகத் திறந்து, எந்த லைனில் கேஜ் சரிகிறதோ அந்த லைனில் உள்ள அறை ஒவ்வொன்றிலும் போய் நின்று காது கொடுங்கள், உஸ்ஸென்று சத்தம் கேட்கும்.

எனக்கு ஒருமுறை இரண்டு நாள் இப்படி ஓடியது. ஆள் இருக்கும் கேபின் எல்லாம் பார்த்தாயிற்று, ஒன்றுமில்லை. கடைசியில் பார்த்தால் கப்பலின் மருத்துவ அறை டாய்லெட்! மாதக்கணக்கில் யாரும் பயன்படுத்தாததால் வால்வு ரப்பர் காய்ந்துபோய், உட்காராமல் இருந்தது. அதிலிருந்து வாரம் ஒருமுறை பைலட் கேபின், மருத்துவ அறை, காலிக் கேபின்கள் எல்லாவற்றிலும் நானே போய் ஃப்ளஷ் செய்துவிடுவேன். நீங்களும் செய்யுங்கள், ஐந்து நிமிட வேலை.

லைனில் வாக்குவம் இருந்தும் ஒரே ஒரு டாய்லெட் மட்டும் இழுக்கவில்லையென்றால் அதன் கன்ட்ரோல் யூனிட்டுக்குப் போகும் மெல்லிய டியூபைக் கழற்றிப் பாருங்கள், உள்ளே தண்ணீரோ அழுக்கோ அடைத்திருக்கும். தண்ணீர் மட்டும் வரவில்லையென்றால் வாட்டர் வால்வின் ஃபில்டர்.

நீண்ட நாள் எதிரி சிறுநீர் உப்புதான். குழாய்க்குள் கல் மாதிரிப் படிந்து விட்டம் சுருங்கிக்கொண்டே வரும், முற்றிவிட்டால் குழாயைக் கழற்றித் தட்டித்தான் எடுக்க வேண்டும். அதனால் வாரம் ஒரு இரவு, பிளான்ட் தயாரிப்பாளர் அனுமதித்த டீஸ்கேலரை (உப்புப் படிவைக் கரைக்கும் அமில மருந்து) அவர்கள் சொன்ன அளவில் ஊற்றி ஊறவிடுங்கள். பிளீச் ஊற்ற வேண்டாம் என்று ஸ்டூவர்டிடம் தெளிவாகச் சொல்லுங்கள், அது பயாலஜிக்கல் பிளான்டில் உள்ள பாக்டீரியாவைக் கொன்றுவிடும், அமிலத்தோடு சேர்ந்தால் குளோரின் வாயு வரும்.

ஒன்று மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். கழிவுத் தொட்டியையோ லைனையோ திறக்கும் முன் செகண்ட் இன்ஜினியரிடம் சொல்லி, காற்றோட்டம் கொடுத்து, கேஸ் மீட்டரோடு போங்கள். ஹைட்ரஜன் சல்ஃபைடு அளவு கூடினால் மூக்கு மரத்துவிடும், நாற்றம் நின்றுவிட்டது, இனிப் பயமில்லை என்று நினைத்து உள்ளே குனியாதீர்கள்.

வால்வுகளை மூடியதும் கேஜ் என்ன காட்டியது என்று எழுதுங்கள், அடுத்ததைப் பார்க்கலாம்.