மச்சான் போன போட்: கோஸ்ட் கார்டா, மரைன் போலீஸா?

கன்னியாகுமரி மாவட்டம் தேங்காய்பட்டணத்திலிருந்து தங்கலுக்கு, அதாவது பல நாள் கடலிலேயே தங்கி மீன் பிடிக்கப் போன மச்சானின் போட் சொன்ன நாளில் வரவில்லை, யாரிடம் சொல்வது என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் 1554க்குப் போன் போடுங்கள். அது கோஸ்ட் கார்டு எனும் கடலோரக் காவல்படையின் இலவச எண். காத்திருக்க வேண்டாம், உதவிக்குக் காசும் கேட்க மாட்டார்கள்.

குளச்சல் மரைன் போலீஸ் மாநில அரசின் கீழ் வருகிறது, எண் 1093. அவர்களுடைய எல்லை கரையிலிருந்து 12 கடல் மைல், சுமார் 22 கிலோமீட்டர். தூத்தூர் பக்கத்து ஆழ்கடல் போட்டுகள் அதையெல்லாம் தாண்டித்தானே போகின்றன! அங்கே கப்பலும் விமானமும் அனுப்ப வேண்டியது மத்தியப் பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழுள்ள கோஸ்ட் கார்டுதான். ஆபத்தில் உள்ள மீனவருக்கு உதவுவது 1978ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே அவர்களுக்கான கடமையாக எழுதப்பட்டிருக்கிறது.

போன் போடும் முன் போட்டின் பதிவு எண், ஆட்கள் எத்தனை பேர், கடைசியாகப் பேசிய நேரம், அப்போது சொன்ன ஜிபிஎஸ் பாயிண்ட் (கடலில் போட் இருந்த இடத்தைக் காட்டும் எண்கள்) ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி வையுங்கள். "மேற்கே எங்கேயோ" என்றால் கடல் முழுக்கத் தேட முடியுமா? பாயிண்ட் தெரியாவிட்டால் கூடப் போன போட்டுக்காரர்களிடம் கேளுங்கள், வயர்லெஸ்ஸில் யாராவது பேசியிருப்பார்கள். ஆபத்துச் செய்தி அனுப்பும் டாட் கருவி போட்டில் இருந்தால் அதையும் சொல்லுங்கள்.

அப்புறம் மீன்வளத்துறை அலுவலகத்தில் எழுத்து மூலம் ஒரு மனு கொடுத்து, நகலில் சீல் வாங்கிக்கொள்ளுங்கள். பங்குத்தந்தையிடமும் சொல்லுங்கள். நம் ஊரிலிருந்து கொச்சித் துறைமுகம் வரை சேதி போய்ச் சேர அதுதான் வேகமான வழி.