மாணவர்களிடம் கைபேசி இல்லாத வகுப்பில் எந்த இலவச இணையக் கருவி பயன்படும்?

வியாசர்பாடிப் பள்ளி ஒன்றில் எட்டாம் வகுப்புக்கு அறிவியல் நடத்தும் நீங்கள், மாணவர் கையில் கைபேசி இல்லாதபோது எதைப் பயன்படுத்தலாம் என்று கேட்டிருந்தீர்கள்.

என் முதல் பரிந்துரை பிளிக்கர்ஸ் என்னும் வினாடி வினாச் செயலி. அதன் தளத்திலிருந்து எண்ணிட்ட அட்டைகளை இலவசமாகப் பதிவிறக்கி, ஆளுக்கொன்றாக அச்சிட்டுக் கொடுத்துவிட வேண்டும். அட்டையின் நான்கு பக்கங்களும் ஏ, பி, சி, டி என்னும் விடைகளைக் குறிப்பதால், தாம் தேர்ந்த விடை மேலே வரும்படி மாணவர்கள் அதைத் தூக்கிப் பிடிக்க, நீங்கள் அந்தச் செயலியைத் திறந்து கைபேசிக் கேமராவை வகுப்பின் மீது மெதுவாக ஒருமுறை ஓட்டினால், யார் எந்த விடையைச் சொன்னார் என்பது உடனே பதிவாகிவிடும். ஒவ்வோர் அட்டையின் வடிவமும் வேறாக, எழுத்துகளும் பொடியாக இருப்பதால், பக்கத்துப் பையனைப் பார்த்துத் திருப்புவது எளிதன்று. அட்டைகளுக்குப் பளபளப்பான லேமினேஷன் மட்டும் வேண்டாம்; ஜன்னல் வெளிச்சம் பட்டால் கேமரா திணறும். ஜெராக்ஸ் கடையில் தடித்த தாளில் எடுத்தாலே போதுமானது.

பாடநூலில் உள்ள க்யூஆர் குறியீடுகளை திக்‌ஷா செயலியில் திறந்து காணொளிகளைக் காட்டலாம். வீட்டுப்பாடத்துக்கு கூகுள் ஃபார்ம்ஸின் வினாடி வினா வசதி சரியான விடையை ஒப்பிட்டுத் தானே மதிப்பெண் இடும். ஆனால் காசிமேட்டுத் துறைமுக வேலைக்கு விடியுமுன் கிளம்பும் பெற்றோரின் கைபேசி மாலையில்தான் பிள்ளைகளுக்குக் கிடைக்கும் என்பதால், அந்த வினாடி வினாவை இரவு வரை திறந்தே வையுங்கள்.