அப்டேட் போட்டால் பழைய பதிவுகள் அழிந்துவிடுமா?

கேள்வி: எங்கள் பள்ளியின் பழைய மாணவர்களுக்காக 2015-இல் பிஎச்பிபிபி 3.1 என்ற இலவச மென்பொருளில் கருத்துக்களம் அமைத்தோம். போன மாதத்திலிருந்து திறந்தால் வெள்ளைப் பக்கம்தான் வருகிறது. அமைத்துக் கொடுத்தவர், “அப்டேட் போட்டால் பதிவெல்லாம் போய்விடும், புதிதாகத்தான் செய்யணும், 25,000 ஆகும்” என்கிறார். என்ன செய்யலாம்?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், கல்லிடைக்குறிச்சி

பதில்: பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள் சார். அப்டேட்டால் பதிவுகள் அழியாது. அவை டேட்டாபேஸ் என்ற தகவல் கிடங்கில் இருக்கின்றன, மென்பொருள் தனி. பத்தாயத்தைப் பழுது பார்க்கிறவன் நெல்லையா கொட்டிவிடுவான்?

வெள்ளைப் பக்கத்துக்கு அநேகமாக ஒரே காரணம்தான். உங்கள் மென்பொருள் பிஎச்பி என்ற கணினி மொழியில் ஓடுகிறது. அதன் 3.1 பதிப்பு பிஎச்பி 5-க்காக எழுதியது, பிஎச்பி 7-இல் ஓடாது. பிஎச்பி 5.6-க்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2018 கடைசியோடு நின்றுவிட்டன. உங்கள் தளத்துக்கு சர்வரில் இடம் வாடகைக்குத் தருகிற ஹோஸ்டிங் கம்பெனி இப்போது பழையதைத் தூக்கியிருக்கும். அறிவிப்பு ஆங்கிலத்தில் ஒரு மெயிலாக, கணக்கு யார் பெயரில் இருக்கிறதோ அவருக்குப் போயிருக்கும். பணம் கட்டுகிற சங்கத்துக்கு ஒரு போன் செய்ய இவர்களுக்கு என்ன கேடு?

கணக்கு யார் பெயரில்? முதலில் அதைப் பாருங்கள். நம் பக்கத்துச் சங்கங்கள் பலவற்றில் டொமைன் (தளத்தின் முகவரிப் பெயர்), ஹோஸ்டிங், அட்மின் பாஸ்வேர்டு மூன்றும் அமைத்துக் கொடுத்தவர் கையில்தான். பிறகு அவர் சொன்னதுதான் விலை. மூன்றையும் சங்கத்தின் மெயில் முகவரிக்கு மாற்றி வாங்குங்கள். மாற்றித் தந்த பிறகே மீதிப் பேச்சு.

“ஓடுகிறதை ஏன் தொடணும்” என்று இத்தனை வருடம் சொல்லியிருப்பார். 2004 நவம்பரில் இதே மென்பொருளின் 2.0.11 பதிப்பு ஒரு பாதுகாப்பு ஓட்டையை அடைத்தது. அடுத்த மாதமே சாண்டி என்ற புழு (தானாகப் பரவும் கெட்ட நிரல்), அப்டேட் போடாத தளங்களைக் கூகுளில் தேடித் தேடி ஆயிரக்கணக்கில் பக்கங்களை அழித்தது. அப்டேட் போட்டவர்கள் தப்பினார்கள்.

அடுத்தது பேக்கப், அதாவது நகல். டேட்டாபேஸோடு படங்களும் பதிவுகளில் சேர்த்த கோப்புகளும் இருக்கிற ‘ஃபைல்ஸ்’, ‘இமேஜஸ்’ ஃபோல்டர்களும் வேண்டும். ஒன்றுக்கு இரண்டு இடத்தில் வையுங்கள். எனக்குத் தெரிந்த ஒரு சங்கத்தின் பேக்கப் திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் ஒரு கடைக் கம்ப்யூட்டரில் மட்டும் இருந்தது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் தாமிரபரணி கடைக்குள் வந்தது. ஒரு பதிவைக்கூட மீட்க முடியவில்லை.

பதிவு அழியாது என்றேனே, அதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. தமிழில் எழுதுகிற நமக்கு இதுதான் பெரிய கண்ணி. பேக்கப் எடுக்கும்போது யூனிகோட் அமைப்பு தவறினால் தமிழ் எழுத்து கெட்டுவிடும். ஆகவே பேக்கப் கோப்பை நோட்பேடில் திறந்து உங்கள் ஊர்ப் பெயரைத் தேடுங்கள். ‘கல்லிடைக்குறிச்சி’ என்று வாசிக்க முடிந்தால் நிம்மதி. தலையில் சாய்கோடு போட்ட சின்ன ஆங்கில ‘ஏ’ திரும்பத் திரும்ப வந்தாலும் பயப்படாதீர்கள், விவரம் தெரிந்தவர் சரிசெய்துவிடலாம். ஆனால் எழுத்துக்குப் பதில் வரிசையாகக் கேள்விக்குறிகள் நின்றால் அந்தக் கோப்பில் தமிழே இல்லை. எந்த நிபுணராலும் மீட்க முடியாது. மூலம் சர்வரில் இருக்கும்போதே வேறு பேக்கப் எடுங்கள். தமிழ் தெரியாதவரிடம் “பேக்கப் ஓகேவா” என்று கேட்டால் ஓகே என்றுதான் சொல்வார். நீங்களே கண்ணால் பாருங்கள்.

மிச்சம் அரைநாள் வேலை. கான்ஃபிக் கோப்பையும் இமேஜஸ், ஃபைல்ஸ், ஸ்டோர் ஃபோல்டர்களையும் விட்டுவிட்டு மற்ற பழைய கோப்புகளை நீக்கி, அதிகாரப்பூர்வத் தளத்திலிருந்து இறக்கிய 3.3 பதிப்பை ஏற்றி, இன்ஸ்டால் பக்கத்தில் டேட்டாபேஸ் அப்டேட்டைக் கொடுக்க வேண்டும். 3.1-இலிருந்து நேராக 3.3-க்குப் போகலாம். மென்பொருளுக்குக் காசு கிடையாது. செய்கிற தம்பிக்கு அரைநாள் கூலி கொடுங்கள், போதும்.

முடிந்ததும் இன்ஸ்டால் ஃபோல்டரை அழித்துவிடுங்கள். அது இருக்கிறவரை உறுப்பினர்களுக்குத் தளம் திறக்காது. அதைப் பார்த்துப் பதறி, பழைய ஆளுக்குப் போன் போட்டுவிடாதீர்கள்.