காரை நகர்த்திய அப்பன்

அன்புள்ள ஐயா,

டெக்சாஸில் 2004-ல் மரண தண்டனை நிறைவேற்றப்பட்ட கேமரன் டாட் வில்லிங்ஹாம் வழக்கைப் பற்றிப் போன மாதம் ஒரு ஆவணப்படம் பார்த்தேன். வீட்டுக்குத் தீ வைத்து தன் மூன்று பெண் குழந்தைகளைக் கொன்றதாகத் தண்டிக்கப்பட்டவர். அறிவியல் அவர் பக்கம் இருக்கிறது என்கிறார்கள். என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. மனைவியை அடித்தவர். சிறையில் இன்னொரு கைதியிடம் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகச் சாட்சியும் உண்டு. எல்லாவற்றுக்கும் மேல், பிள்ளைகள் உள்ளே எரிந்துகொண்டிருக்கும்போது வெளியே நின்ற தன் காரைத் தள்ளி நிறுத்தியிருக்கிறார். ஒரு அப்பன் செய்கிற காரியமா அது? இதை வைத்து அறை நண்பர்களோடு இரண்டு இரவு சண்டை. அவர் குற்றவாளியா இல்லையா, நீங்கள் சொல்லுங்கள். தூக்குத் தண்டனை பற்றிய உங்கள் நிலைப்பாட்டையும் அறிய ஆசை.

எஸ்., ஈரோடு

அன்புள்ள எஸ்.,

தீர்ப்புக் கேட்டு வரும் கடிதங்களுக்கு நான் பதில் எழுதுவதில்லை. உங்கள் கடிதத்தையும் அப்படித்தான் ஒதுக்கி வைத்தேன். ஆனால் அந்தக் கார் என்னை விடவில்லை. பன்னிரண்டு நாளாக அந்த ஒரு வரி திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருக்கிறது, காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் நீங்கள் கேட்ட கேள்வியே தப்பு. கொன்றது இவரா வேறு ஒருவரா என்பது பெரும்பாலான கொலை வழக்குகளின் கேள்வி. இங்கே அது இல்லை. இங்கே கேட்க வேண்டியது, கொலை என்று ஒன்று நடந்ததா என்பதுதான். 1991 டிசம்பர் 23, கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்பு, கோர்சிகானா என்ற சின்ன ஊரில் ஒரு மரவீடு எரிந்தது. இரண்டு வயதுக் குழந்தையும் ஒரு வயது இரட்டைக் குழந்தைகளும் செத்துப்போனார்கள். மனைவி வெளியே போயிருந்தார். இருபத்து மூன்று வயதுத் தகப்பன் வெறுங்காலோடு வெளியே ஓடி வந்தார். இவ்வளவுதான் யாரும் மறுக்காத செய்தி. மீதி எல்லாம் கரியைப் பார்த்துச் சொன்ன கதை.

கதை சொன்னவர்கள் தீ விசாரணை அதிகாரிகள். தரையில் குட்டை குட்டையாகக் கருகிய தடம் இருக்கிறது, ஆகவே எரிபொருள் ஊற்றப்பட்டிருக்கிறது என்றார்கள். ஜன்னல் கண்ணாடியில் சிலந்தி வலை மாதிரி விரிசல், ஆகவே தீ அசாதாரணச் சூட்டில் எரிந்திருக்கிறது என்றார்கள். தீ தானே கதை சொல்லும், நான் அதை மொழிபெயர்க்கிறவன் மட்டும் என்ற பொருளில் ஒருவர் சாட்சிக் கூண்டில் பேசினார். 1992 ஆகஸ்டில் இரண்டே நாள் விசாரணை. ஜூரிகள் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் குற்றவாளி என்று முடிவு செய்துவிட்டார்கள். குற்றத்தை ஒப்புக்கொண்டால் ஆயுள் தண்டனையோடு விடுகிறோம் என்று அதற்கு முன்பே பேரம் பேசப்பட்டிருந்தது. செய்யாததை ஒப்புக்கொள்ள மாட்டேன் என்று அவர் மறுத்துவிட்டார்.

உங்கள் ஆவணப்படம் இதைச் சரியாக விளக்கியதா தெரியாது, நீங்கள் 'அறிவியல் அவர் பக்கம்' என்று ஒரே வரியில் தாண்டிப் போவதைப் பார்த்தால் விளக்கவில்லை என்றே தோன்றுகிறது. மூடிய அறையில் தீப் பிடித்தால் சூடான புகை மேலே கூரையடியில் தேங்கும். அந்தச் சூடு கீழே இறங்கி, ஒரு கட்டத்தில் அறையிலுள்ள கட்டில், துணி, தரைவிரிப்பு எல்லாம் ஒரே கணத்தில் பற்றிக்கொள்ளும். ஃபிளாஷ்ஓவர் என்பார்கள். அதற்குப் பிறகு தரை எரிவதற்கு எண்ணெய் ஊற்ற வேண்டியதில்லை, குட்டைத் தடம் தானாகவே வரும். ஏறக்குறைய அதே காலத்தில் ஃபுளோரிடாவின் ஜாக்சன்வில்லில் இதே மாதிரி ஒரு வழக்கு. தகப்பன் தீ வைத்தார் என்றே அங்கும் சந்தேகம். நிபுணர்கள் பக்கத்திலிருந்த அதே அமைப்புள்ள வீட்டில், எந்த எரிபொருளும் ஊற்றாமல், சோபாவில் தீ வைத்துப் பார்த்தார்கள். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, அறை முழுக்கப் பற்றிக்கொண்டது. அணைத்துவிட்டுப் பார்த்தால் எண்ணெய் ஊற்றியதன் அடையாளம் என்று சொல்லப்பட்ட அத்தனை தடமும் தரையில் இருந்தது. அந்தத் தகப்பன் மீதான வழக்கு கைவிடப்பட்டது. கண்ணாடி விரிசலும் அப்படித்தான். சூடான கண்ணாடியில் தீயணைப்புக்காரர்கள் பீய்ச்சும் தண்ணீர் பட்டால் விரியும், அவ்வளவுதான்.

இதையெல்லாம் ஜெரால்ட் ஹர்ஸ்ட் என்ற வேதியியல் நிபுணர் காசு வாங்காமல் ஆராய்ந்து அறிக்கை எழுதினார். தண்டனைக்குச் சில நாள் முன்பு அது மன்னிப்பு வாரியத்துக்கும் ஆளுநர் ரிக் பெர்ரிக்கும் போனது. ஒன்றும் நடக்கவில்லை. 2004 பிப்ரவரி 17 அன்று விஷ ஊசி போட்டார்கள் (தூக்கு அல்ல, எஸ்., அதையாவது சரியாக எழுதியிருக்கலாம்). 2009-ல் டெக்சாஸின் தடய அறிவியல் ஆணையமே நியமித்த கிரெய்க் பெய்லர் என்ற நிபுணரும், தீ வைக்கப்பட்டது என்று சொல்ல அறிவியல் ஆதாரம் இல்லை என்றார். அந்த விசாரணை அதிகாரியின் போக்கு குறி சொல்கிறவர்களுக்கே உரியது என்ற அளவுக்குக் கடுமையாக எழுதினார். அவர் அந்த ஆணையத்தின் முன் வந்து பேசுவதற்கு இரண்டு நாள் முன்பு ஆளுநர் ஆணையத்தின் தலைவரையும் உறுப்பினர்கள் சிலரையும் மாற்றிவிட்டார்.

மனைவியை அடித்தார். ஆமாம், அடித்தார். அதற்கு என்ன தண்டனையோ அதைக் கொடுத்திருக்க வேண்டும், கொடுக்காமல் விட்டது அந்த ஊரின் தவறு. அந்தக் கடனை இந்த வழக்கில் வசூலிக்க முடியாது. சிறைக் கைதியின் சாட்சியம்? அவர் 2000-ல் தன் வாக்குமூலத்தைத் திரும்பப் பெற்றார், பிறகு திரும்பப் பெற்றதையும் மறுத்தார், 2014-ல் சலுகைக்காகப் பொய் சொன்னேன் என்று செய்தியாளர்களிடம் சொன்னார். இதைப் பற்றிப் பேசி நேரத்தை வீணாக்க வேண்டாம். சுவரில் மண்டை ஓட்டுப் படம் ஒட்டியிருந்ததை வைத்து வில்லிங்ஹாமின் மனதை அளந்தார்கள், ஒருமுறைகூட அவரிடம் பேசாத மனநல மருத்துவர் அவரைத் திருத்தவே முடியாதவர் என்றார். நீங்கள் அதை எழுதாமல் விட்டது நல்லது.

சரி, காருக்கு வருகிறேன்.

எங்கள் ஊர் விளாத்திகுளம் பக்கம், கரிசல் காடு. வத்தலும் பருத்தியும்தான் வெள்ளாமை. 1979 பங்குனியில் என் அத்தையின் கடைசிப் பையன், நாலு வயது, தோட்டத்துக் கிணற்றில் விழுந்துவிட்டான். அத்தைதான் முதலில் பார்த்தாள், சத்தம் போட்டாள். ஆட்கள் ஓடிவந்து இறங்கித் தேடினார்கள். கிணற்றில் தண்ணீர் அதிகம், சேறும் அதிகம், எடுக்க வெகுநேரம் ஆனது. அந்த நேரத்தில் மேற்கே கருத்துக்கொண்டு கோடை மழை இறங்க, அத்தை எழுந்து களத்துக்குப் போய்க் காய்ந்துகொண்டிருந்த வத்தலை வாரிக் குவித்துத் தார்ப்பாய் போட்டு மூடினாளாம்.

'பெத்த புள்ள கெணத்துக்குள்ள கெடக்கு, இவ வத்தல அள்ளிக்கிட்டு நிக்கா.' இந்த ஒரு வாக்கியம் எங்கள் ஊரில் முப்பது வருடம் உயிரோடு இருந்தது. பையனைத் தூக்கி வந்து கிடத்தியபோது அவள் அழவில்லை. ஒப்பாரி சொல்ல வந்த பெண்கள் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதார்கள், அவள் மரக்கட்டை மாதிரி உட்கார்ந்திருந்தாள். பதினாறாம் நாள் கழிவதற்குள் ஊர் முடிவுக்கு வந்துவிட்டது. முதலில் 'கல் நெஞ்சுக்காரி' என்றார்கள், பிறகு 'அசட்டையா விட்டுட்டா' என்றார்கள், அடுத்த வருடம் 'தள்ளிவிட்டாலும் விட்டிருப்பா' என்றார்கள். போலீஸ் வரவில்லை, வழக்கு இல்லை. ஆனால் அவள் ஒரு விசேஷ வீட்டுக்குப் போய் ஆரத்தி எடுக்க முடியவில்லை. பச்சைப் பிள்ளையை அவள் கையில் யாரும் கொடுத்ததில்லை. எங்கள் அம்மாவும் கொடுத்ததில்லை.

இப்போது உங்களைத் திட்டுகிறேன், கோபப்படாதீர்கள். ஒரு அப்பன் செய்கிற காரியமா என்று கேட்கிறீர்களே, அந்த நேரத்தில் அப்பன் என்ன செய்வான் என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? உங்களுக்குப் பிள்ளை இருக்கிறதா? இருந்தாலும் கண் முன்னே எரிந்திருக்கிறதா? சினிமாவில் அப்பன் தீக்குள் பாய்வான், அம்மா மார்பில் அடித்துக்கொண்டு மயங்கி விழுவாள். அதை வைத்துக்கொண்டு ஒரு மனிதனின் உயிரை எடை போடுகிறீர்கள், அதுவும் இரண்டு இரவு, டீ குடித்துக்கொண்டு. மூளை நின்றுபோன பிறகு கையும் காலும் தெரிந்த வேலையைத்தான் செய்யும். தீக்குப் பக்கத்தில் பெட்ரோல் வண்டி நின்றால் நகர்த்தும், மழை வந்தால் வத்தலை மூடும்.

இன்னொன்று கேளுங்கள், இதுதான் எனக்கு முக்கியம். கோர்சிகானாவில் பக்கத்து வீட்டார் முதலில் என்ன சொன்னார்கள்? பிள்ளைகள் உள்ளே இருக்கிறார்கள் என்று அவர் கத்தினார், ஜன்னலை உடைத்தார் என்றார்கள். தீயணைப்புத் துறையோடு வந்த பாதிரியார், அவர் மறுபடி உள்ளே ஓடாமல் இருக்க அவரைப் பிடித்து அடக்கி விலங்கு மாட்ட வேண்டியிருந்தது என்றார். தீ வைக்கப்பட்டது என்று விசாரணை திரும்பிய பிறகு அதே ஆட்களின் வாக்குமூலம் மாறியது. அவர் உள்ளே போக உண்மையாக முயலவில்லை, தன்னைக் கட்டுப்பாட்டில் வைத்திருந்த மாதிரி தெரிந்தது, காருக்காகத்தான் துடித்தார் என்றார்கள். யாரும் பொய் சொல்லவில்லை, எஸ்., அதுதான் பயங்கரம். சந்தேகம் வந்ததும் பழைய காட்சி கண்ணுக்குள்ளேயே புதிதாக மாறிவிடுகிறது.

அதே டெக்சாஸில் எர்னஸ்ட் வில்லிஸ் என்று ஒருவர். 1986-ல் நடந்த வீட்டுத் தீயில் இரண்டு பெண்கள் செத்ததற்காக மரண தண்டனை பெற்றவர். நீதிமன்றத்தில் அவர் முகத்தில் உணர்ச்சியே இல்லை என்பதை அரசுத் தரப்பு பெரிய ஆதாரமாக்கியது. கடைசியில் பார்த்தால் சிறையில் அவருக்குத் தேவையே இல்லாத மனநோய் மாத்திரைகளைக் கொடுத்திருக்கிறார்கள், அந்த மாத்திரை போட்ட முகம் அது. அவர் வழக்கிலும் ஹர்ஸ்ட் அறிக்கை எழுதினார். வில்லிங்ஹாம் செத்து எட்டு மாதத்துக்குள், 2004 அக்டோபரில், வில்லிஸ் பதினேழு வருடச் சிறைக்குப் பிறகு வீட்டுக்குப் போனார். ஒரே மாநிலம், ஒரே மாதிரித் தீ. வில்லிங்ஹாமுக்காகக் கேட்ட மன்னிப்பை மட்டும் 2014-லும் வாரியம் மறுத்துவிட்டது.

அத்தையிடம் நான் ஒருமுறை கேட்டேன். அவளுக்கு அறுபது தாண்டியிருக்கும், கண் மங்கத் தொடங்கியிருந்தது. ஏன் அத்தே அன்னைக்கு வத்தலை அள்ளப் போன என்றேன். அவள் கோபப்படவில்லை. 'எனக்கு நெனப்பே இல்லய்யா. கெணத்துமேட்டுல உக்காந்திருந்தது நெனப்பிருக்கு. பெறகு அவன் தலையத் தொடச்சது நெனப்பிருக்கு. அள்ளுனேன்னு ஊரே சொல்லுது. அள்ளியிருப்பேனா இருக்கும்' என்றாள்.

அன்று இரவு முழுக்க நான் தூங்கவில்லை. காரணம் இதுதான். அவள் வத்தலை அள்ளியதை நான் கண்ணால் பார்த்தேன் என்று பள்ளிக்கூடத்தில் எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். கண்டாங்கியைத் தூக்கிச் செருகிக்கொண்டு அவள் குனிந்து வாரியதை, தார்ப்பாயின் நாலு மூலையிலும் கல் வைத்ததை, அப்படியே நடித்துக் காட்டியிருக்கிறேன். இன்றைக்கும் கண்ணை மூடினால் அது எனக்குத் தெரிகிறது. ஆனால் அன்று நான் ஊரிலேயே இல்லை. விளாத்திகுளத்தில் பள்ளிக்கூடத்தில் இருந்தேன், சாயங்காலம் வந்தபோது பையனைக் குளிப்பாட்டிக் கிடத்தியிருந்தார்கள். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. பார்த்ததாக எப்போது சொல்லத் தொடங்கினேன், எந்த நாளில் நானே அதை நம்பினேன் என்று யோசித்து யோசித்துப் பார்க்கிறேன், பிடிபடவே இல்லை. இப்போது அவள் வத்தலை அள்ளினாளா என்பதே எனக்குச் சந்தேகம். அள்ளியது பக்கத்துக் களத்துக்காரியாகக்கூட இருக்கலாம்.

2011-ல் அத்தை இறந்தாள். நீர்மாலைக்கு ஆட்கள் போயிருந்த நேரம், திண்ணையில் உட்கார்ந்திருந்த பெண்கள் கூட்டத்தில் ஒருத்தி மெதுவாக அந்த வத்தல் கதையைத் தொடங்கினாள். என்னோடு ஒரே வகுப்பில் படித்தவள்தான். நான் எழுந்து போய், இன்றைக்காவது அதை விட்டுவிடு என்றேன். அவள் திருதிருவென்று என்னைப் பார்த்தாள்.

'நீதான எங்களுக்குச் சொன்ன' என்றாள்.

தூக்குத் தண்டனை பற்றி இன்னொரு முறை எழுதுகிறேன்.

அன்புடன்.