புத்தாண்டு இரவு, பார், பைக்: விபத்துப் பிரிவு மருத்துவரிடம் கேள்வி பதில்

2021 டிசம்பர் கடைசி வாரத்தில் இருக்கிறோம். நவம்பர் 1 முதல் பார்கள் திறந்துவிட்டன. டிசம்பர் நடுவில் ஒமிக்ரான் என்ற புது வகைக் கொரோனா தமிழ்நாட்டுக்கும் வந்துவிட்டது. 31ஆம் தேதியும் 1ஆம் தேதியும் கடற்கரைக்குப் போகத் தடை இருப்பதால், "அப்போ பாருக்குப் போகலாமா?" என்ற கேள்விதான் அதிகம் வந்திருக்கிறது. நான் அரசு மருத்துவமனையில் விபத்துப் பிரிவு மருத்துவர். இரண்டாம் அலையில் கொரோனா வார்டிலும் வேலை பார்த்தேன். இரண்டு பக்கமும் வந்தவர்களுக்குப் படுக்கை, ஆக்சிஜன், நர்ஸ் எல்லாம் ஒரே இருப்பிலிருந்துதான் போயின. அதனால் பாரில் கூடும் கூட்டத்தையும் குடித்துவிட்டு வண்டி எடுப்பதையும் என்னால் தனித்தனியாகப் பார்க்க முடியவில்லை. கேட்டவர்களின் பெயர்களை விட்டு, ஊரை மட்டும் போட்டிருக்கிறேன்.

கேள்வி (கோவை): டாக்டர், எங்கள் டீமில் எல்லோரும் இரண்டு டோஸும் போட்டுவிட்டோம். பார் திறக்க அரசே அனுமதித்துவிட்டது. இனிமேலும் என்ன பயம்?

தடுப்பூசி போட்டது மிக நல்ல விஷயம். நோய் முற்றி ஐசியூ வரை போகிற ஆபத்து நன்றாகக் குறையும். ஆனால் தொற்றே வராது என்று நம்பிவிடாதீர்கள். நார்வேயின் ஆஸ்லோவில் நவம்பர் 26ஆம் தேதி ஒரு நிறுவனத்தின் கிறிஸ்துமஸ் விருந்து, ஒரு உணவகத்தில் நடந்தது. வந்தவர்களில் 111 பேரை விசாரித்தார்கள். 66 பேருக்குத் தொற்று உறுதியானது, இன்னும் 15 பேருக்கு இருந்திருக்கலாம் என்று கணக்கிட்டார்கள். பத்தில் ஒன்பது பேர் அளவுக்கு இரண்டு டோஸ் போட்டவர்கள். அது ஒமிக்ரான்.

அந்த விருந்தும் நீங்கள் திட்டமிடுவதும் அச்சாக ஒன்றுதான்: ஒரே ஆபீஸ் ஆட்கள், மூடிய ஹால், மணிக்கணக்கில் பேச்சு. குரல் உயர உயர வாயிலிருந்து வெளியேறும் நுண்துளிகளும் கூடும். பாரில் பாட்டுச் சத்தத்தை மீறிக் கத்தித்தான் பேசியாக வேண்டும். குடிக்கும்போது முகக்கவசம் இருக்காது. இரண்டு ரவுண்டு உள்ளே போன பிறகு இடைவெளியைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. நீங்கள் ஐந்து நாளில் எழுந்துவிடுவீர்கள். வீட்டில் தடுப்பூசி போடாத பாட்டி இருந்தால் அவரால் முடியுமா?

கேள்வி (சேலம்): ஏசி பார் சுத்தமாக இருக்குமே, அது பரவாயில்லையா?

சுத்தமாகத் தெரிவதை வைத்து முடிவு செய்யாதீர்கள், காற்று மாறுகிறதா என்று பாருங்கள். 2020 ஜனவரியில் சீனாவின் குவாங்ஜோவில், ஜன்னல் இல்லாத ஏசி உணவகம் ஒன்றில் அடுத்தடுத்த மேசைகளில் சாப்பிட்ட மூன்று குடும்பங்களைச் சேர்ந்த பத்துப் பேருக்குத் தொற்று வந்தது. ஏசி காற்று அந்த மூன்று மேசைகளுக்கிடையே சுற்றிக்கொண்டிருந்ததுதான் காரணம் என்று ஆராய்ந்தவர்கள் எழுதினார்கள். திறந்த மொட்டை மாடி இதைவிட எவ்வளவோ மேல்.

கேள்வி (விழுப்புரம்): கடையில் வரிசையில் இடித்துக்கொண்டு வாங்குகிறோமே, அதைவிடவா பாரில் உட்காருவது மோசம்? போன வருஷம் பாரை மட்டும் மூடி வைத்து என்ன பயன் வந்தது?

நியாயமான கேள்வி. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

2020 மே 7ஆம் தேதி டாஸ்மாக் கடைகள் திறந்தன. அன்று ஒரே நாளில் 170 கோடி ரூபாய் அளவுக்கு விற்பனை. கூட்டத்தைப் பார்த்த உயர் நீதிமன்றம் மறுநாளே மூடச் சொன்னது. உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை விதித்ததும் மே 16 முதல் கடைக்கு ஒரு நாளைக்கு 500 டோக்கன், நாளுக்கு ஒரு நிறம் என்று மறுபடி திறந்தார்கள். வரிசையில் ஒருவர் திறந்த வெளியில் அரைமணி நேரம் நிற்கிறார், பாரிலோ மூடிய இடத்தில் இரண்டு மூன்று மணி நேரம் முகக்கவசம் இல்லாமல் இருக்கிறார். தொற்று என்று பார்த்தால் பார்தான் மோசம். தென் கொரியாவில் இதே 2020 மே மாதம் சியோலின் இடேவான் பகுதி இரவு விடுதிகளிலிருந்து பரவியது இருநூறு பேரைத் தாண்டியது.

ஆனால் உங்கள் கேள்வியின் இரண்டாம் பாதியில் ஒரு உண்மை இருக்கிறது. கடை திறந்திருந்தது, பார் மூடியிருந்தது. வாங்கியவர்கள் எல்லோரும் வீட்டுக்கா போனார்கள்? ஏரிக்கரை, வாய்க்கால் மதகு, பைபாஸ் ஓரம், புது மனைப் பிரிவு என்று நாலைந்து பேராக உட்கார்ந்தார்கள். ஒரே டம்ளர், ஒரே தண்ணீர் பாட்டில். அந்த இடங்களுக்கு வண்டியில்தான் போக முடியும், திரும்புவதும் வண்டியில்தான். பெரும்பாலும் பைக்கில் மூன்று பேர், ஹெல்மெட் இல்லாமல். ஆக, பாரை மூடுவது சரிதான், ஆனால் அது மட்டும் போதவில்லை. வாங்கிக்கொண்டு நேராக வீட்டுக்குப் போங்கள் என்று அதே அளவு உரக்கச் சொல்லியிருக்க வேண்டும். ஊரடங்கு இருந்த 2020லும் இந்தியாவில் 1.3 லட்சம் பேருக்கு மேல் சாலை விபத்தில் இறந்திருக்கிறார்கள். அமெரிக்காவில் அந்த வருஷம் வண்டிகள் ஓடிய தூரம் 13 சதவீதம் அளவு குறைந்தும் சாலை மரணங்கள் 7 சதவீதம் கூடின. ரோடு காலியாக இருந்தால் பாதுகாப்பு என்பது தப்புக் கணக்கு.

கேள்வி (மதுரை): நான் ஒரு கட்டிங்குக்கு மேல் போவதில்லை அண்ணா. எனக்கு நிதானம் தப்பாது. மெதுவாகத்தான் ஓட்டுவேன்.

தம்பி, கணக்கைப் பார்ப்போம். இங்கே விற்கும் பிராந்தி, விஸ்கியில் ஆல்கஹால் 42.8 சதவீதம். 180 மில்லி குவார்ட்டரில் சுமார் 60 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. 65 கிலோ எடையுள்ள ஆண் அதைக் குடித்தால் ரத்தத்தில் 100 மில்லிக்கு 120 முதல் 130 மில்லிகிராம் வரை ஏறும். சட்டம் அனுமதிப்பது 30. நீங்கள் சொல்லும் கட்டிங், அதாவது 90 மில்லி, 60 பக்கம் கொண்டுபோகும். அதுவே அனுமதித்த அளவுக்கு இரண்டு மடங்கு. ஒரு முழு பாட்டில் பீரும் 30ஐத் தாண்டும், ஸ்ட்ராங் பீர் என்றால் சொல்லவே வேண்டாம். பெண்களுக்கும் எடை குறைந்தவர்களுக்கும் இன்னும் அதிகமாக ஏறும்.

ஏறியது இறங்குவது மணிக்குச் சுமார் 15 மில்லிகிராம் வேகத்தில்தான். மோர், எலுமிச்சை, காபி, குளிர்ந்த தண்ணீரில் குளியல், வாந்தி எடுப்பது எதுவும் அந்த வேகத்தைக் கூட்டாது. தூக்கம் கலையலாம், போதை அப்படியேதான் இருக்கும்.

நிதானத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். தள்ளாட்டம் வருவதற்கு வெகு முன்பே, எதிர் வண்டியின் ஹெட்லைட்டையும் ஓரத்தில் நடக்கும் ஆளையும் ஒரே நேரத்தில் கவனிக்கும் திறமை குறைந்துவிடும். பிரேக் பிடிக்க வேண்டும் என்று தோன்றுவதே தாமதமாகும். "நான் சரியாகத்தான் இருக்கிறேன்" என்று சொல்லும் மூளைதான் முதலில் பாதிக்கப்படுகிறது. விபத்துப் பிரிவில் நினைவோடு வருகிற பலர் என்னிடம் சொல்வதும் "கொஞ்சம்தான் சார் குடித்தேன்" என்பதைத்தான். பல நேரம் அவர்கள் சொல்வது பொய்யில்லை. கொஞ்சமே போதுமானதாக இருக்கிறது. பக்கத்துப் படுக்கையில் அவர்கள் இடித்த ஆள் கிடப்பார். அவர் ஒரு சொட்டும் குடித்திருக்க மாட்டார்.

கேள்வி (தஞ்சாவூர்): சானிடைசர் போட்டுக்கொண்டால் ஊதும் கருவியில் காட்டுமா?

கையில் ஈரம் காயும் முன் கருவிக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் அந்த ஆவியைக் காட்ட வாய்ப்பு உண்டு. கை காய்ந்துவிட்டால் காட்டாது. சந்தேகம் இருந்தால் 15 நிமிடம் கழித்து மறுபடி ஊதுகிறேன் என்று கேளுங்கள்.

கேள்வி (சென்னை): கொரோனா பரவும் என்று சொல்லி ஊத மறுக்கலாமா?

2020 மார்ச்சில் பல நகரங்களில் போலீசே இந்தச் சோதனையை நிறுத்தி வைத்தது உண்மை. அதையே இன்றைக்கும் காரணமாகச் சொல்ல முடியாது. ஆளுக்கு ஒரு புதுக் குழாய் கேளுங்கள். மறுத்தால் மறுத்ததே உங்களுக்கு எதிராகப் போகும், ரத்தப் பரிசோதனைக்கும் அழைத்துப் போகலாம். மோட்டார் வாகனச் சட்டம் 185ஆம் பிரிவின்படி முதல் தடவைக்கே 10,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். மறுபடி பிடிபட்டால் 15,000, இரண்டு வருஷம் வரை. குடித்திருக்கிறான் என்று தெரிந்தே நண்பனிடம் வண்டியைக் கொடுப்பதும் உடந்தைக் குற்றம்தான், 188ஆம் பிரிவு. இன்சூரன்ஸ் நிறுவனம் உங்கள் வண்டிக்கான இழப்பீட்டை மறுக்கப் பாலிசியிலேயே இடம் இருக்கிறது.

கேள்வி (திருநெல்வேலி): சரக்கு அடித்தால் தொண்டையிலேயே வைரஸ் செத்துவிடும் என்கிறார்களே?

இல்லை. இதே வதந்தியை நம்பி 2020இல் ஈரானில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள். அளவுக்கு மீறிக் குடிப்பவர்களுக்கு நிமோனியா வந்தால் அது கடுமையாகவே இருக்கும்.

கேள்வி (திருச்சி): நான் ஒரு பாரில் சூப்பர்வைசர். வியாபாரம் ஒன்றரை வருஷம் படுத்துவிட்டது சார். 31ஆம் தேதி வருகிற ஆளைப் போ என்று சொல்ல முடியாது. எங்களால் என்ன செய்ய முடியும்?

நீங்களே கேட்டதற்கு நன்றி. சமையல் ஆட்கள், டேபிள் துடைக்கிற பையன்கள் பட்ட பாடு எனக்குத் தெரியும். முதல் ஆபத்தும் அவர்களுக்குத்தான். வாடிக்கையாளர் இரண்டு மணி நேரம் இருக்கிறார், அவர்கள் இரவு முழுக்க அந்தக் காற்றில் நிற்கிறார்கள். அவர்களுக்கு நல்ல முகக்கவசம் கொடுங்கள். காய்ச்சல் என்றால் சம்பளம் பிடிக்காமல் வீட்டுக்கு அனுப்புங்கள்.

ஜன்னலையும் ஷட்டரையும் திறந்து வையுங்கள், எக்சாஸ்ட் ஃபேன் நிற்கவே கூடாது. பாட்டுச் சத்தத்தைக் குறையுங்கள், ஆட்கள் தானாகவே மெதுவாகப் பேசுவார்கள். மேசைகளில் பாதியை எடுத்துவிடுங்கள். தடுப்பூசிச் சான்று கேளுங்கள். நீலகிரி மாவட்டத்தில் செப்டம்பரிலேயே டாஸ்மாக் கடையில் அதைக் கேட்க ஆரம்பித்தார்கள், உங்களாலும் முடியும்.

அப்புறம் வண்டி. பார்க்கிங்கில் நிற்கும் உங்கள் ஆள் சாவியை வாங்கி டோக்கன் கொடுக்கட்டும். திரும்பக் கேட்கும்போது அவர் நிலையைப் பார்த்து, காலையில் வந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல வழி இருக்கும். பக்கத்து ஆட்டோ ஸ்டாண்டில் இன்றே பேசி நாலு பேரின் நம்பரைச் சுவரில் ஒட்டுங்கள். அந்த இரவு அவர்களுக்கும் சவாரி கிடைக்கும்.

கேள்வி (ஈரோடு): என் கணவர் நல்லவர்தான் டாக்டர். நண்பர்கள் கூப்பிட்டால் போய்விடுவார், பைக்கில்தான் வருவார். கேட்டால் சண்டை. நான் என்ன செய்வது?

குடித்துவிட்டு வந்தவரிடம் அந்த நேரத்தில் பேசிப் பயனில்லை, உங்களுக்கும் பாதுகாப்பில்லை. 31ஆம் தேதி காலையில், அவர் தெளிவாக இருக்கும்போது பேசுங்கள். "போகாதே" என்று ஆரம்பித்தால் கதவு மூடிவிடும். "பைக் வேண்டாம், ஆட்டோவுக்குப் பணம் எடுத்து வைத்திருக்கிறேன், எத்தனை மணியானாலும் போன் பண்ணுங்கள், யாரையாவது அனுப்புகிறேன், திட்ட மாட்டேன்" என்று சொல்லிப் பாருங்கள். அந்த நண்பர்களில் ஒருவரின் மனைவியோடு பேசி வைத்துக்கொண்டால் இன்னும் பலம். முடிந்தால் அந்தக் கூட்டத்தையே உங்கள் வீட்டு மாடிக்கு, இரண்டே குடும்பமாக மாற்றுங்கள். அடிப்பது, மிரட்டுவது என்று போனால் 181க்கு அழையுங்கள். பெண்களுக்கான உதவி எண் அது, தயங்க வேண்டாம்.

கேள்வி (கடலூர்): அப்பா தினமும் குடிப்பவர். கொரோனா உறுதியாகி வீட்டுத் தனிமையில் இருக்கிறார். இதுதான் சமயம் என்று பாட்டிலை எல்லாம் தூக்கிப் போட்டுவிடலாமா?

வருஷக்கணக்கில் தினமும் குடித்த உடம்பு திடீரென நிறுத்தினால் தாங்காது. முதல் நாளில் கை நடுக்கமும் வியர்வையும் வரும், இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம், மூன்றாம் நாள் ஆளைத் தெரியாமல் உளறலாம். உயிருக்கே ஆபத்தாகக்கூடும். 2020 ஊரடங்கில் கடைகள் மொத்தமாக மூடியபோது இதைப் பார்த்தோம். நிறுத்தத்தான் வேண்டும், ஆனால் மருத்துவர் துணையோடு. அதற்கு மருந்து இருக்கிறது, பி1 வைட்டமினும் கொடுப்போம். நீங்களாகத் தூக்க மாத்திரை கொடுத்துவிடாதீர்கள். இன்றே 104க்குப் பேசுங்கள். வலிப்போ குழப்பமோ மூச்சுத்திணறலோ தெரிந்தால் 108. கொரோனா நோயாளி, தினமும் குடிப்பவர் என்ற இரண்டையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

கேள்வி (ஓசூர்): கம்பெனி வேன் ஓட்டுகிறேன். 31ஆம் தேதி இரவு ஒரு குவார்ட்டர் போட்டு 11.30க்கு முடித்துத் தூங்கிவிடுவேன். காலை 5.30க்கு டிரிப். தூங்கி எழுந்தால் சரியாகிவிடும்தானே?

ஆகாது. மேலே சொன்ன கணக்கையே போடுங்கள். 130லிருந்து ஆறு மணி நேரத்தில் 90 இறங்கினால் மீதி 40. பல் தேய்த்து டீ குடித்து ஸ்டீயரிங்கைப் பிடிக்கும்போதும் நீங்கள் சட்டப்படி குடித்திருக்கும் டிரைவர்தான், பின்னால் ஒரு வேன் நிறையப் பெண் பிள்ளைகள். அரைத் தூக்கமும் சேர்ந்துகொள்ளும். ஓனரிடம் இன்றே சொல்லி அந்தக் காலை டிரிப்பை மாற்றிக்கொள்ளுங்கள். மாற்ற முடியாது என்றால் அந்த இரவு தொடாதீர்கள், டிரிப் முடித்து வண்டியை விட்டுவிட்டு வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, இந்த வாரம் உங்களுக்கு இருமலோ காய்ச்சலோ இருந்தால் டெஸ்ட் எடுக்கும்வரை வேன் எடுக்க வேண்டாம். எடுக்கும் நாளெல்லாம் ஏசியை அணைத்து ஜன்னல்களை இறக்கி விடுங்கள். ஓசூர்க் குளிரில் முன்சீட்டுக்காரர்கள் முனகுவார்கள், ஒரு போர்வை கொண்டுவரச் சொல்லுங்கள்.