பழைய வரைபடத்தில் ஊற்று நூறு மீட்டர் விலகியிருப்பது ஏன்?

கேள்வி: அமெரிக்காவின் ஓரிகான் மாநிலத்தில், ஹார்னி கவுண்டியில் இருந்த பழைய கால்நடைப் பண்ணை ஒன்றைப் பற்றி ஆய்வு செய்கிறேன். பழைய நிலத்தோற்ற வரைபடத் தாளின் படத்தைப் பதிவிறக்கி, மூலைகளில் அச்சிட்டிருந்த அட்சரேகை, தீர்க்கரேகை அளவுகளைக் கொண்டு கணினியில் பொருத்தினேன். ஊற்றும் மாட்டுப்பட்டியும் இன்றைய செயற்கைக்கோள் படத்தில் இருப்பதைவிட ஏறத்தாழ நூறு மீட்டர் கிழக்கே விழுகின்றன. எதை நம்புவது?

பதில்: விலகல் ஒரே திசையில், ஒரே அளவில் இருப்பதால், மூலைகளைப் பொருத்திய விதத்திலேயே பிழை இருக்க வாய்ப்பு அதிகம். அத்தாள்களில் பெரும்பாலானவை 1927-ஆம் ஆண்டின் வட அமெரிக்க டேட்டத்தை (பூமியின் மீது அட்சரேகை, தீர்க்கரேகைகளைப் பொருத்தும் அளவுச் சட்டகத்தை) அடிப்படையாகக் கொண்டவை. ஜிபிஎஸ் பயன்படுத்துவதோ டபிள்யூஜிஎஸ் 84 என்ற வேறொரு டேட்டம். ஒரே தீர்க்கரேகை எண் இவ்விரண்டிலும் ஒரே இடத்தைக் குறிப்பதில்லை. ஓரிகானில் அந்த வேறுபாடு சுமார் நூறு மீட்டர், பெரும்பாலும் கிழக்கு மேற்காக. எனவே வெறும் படத்தை விட்டுவிட்டு, அமெரிக்கப் புவியியல் ஆய்வகம் இலவசமாக வழங்கும் ஜியோடிஃப் கோப்பை (இட விவரமும் சேர்ந்த படக்கோப்பை) எடுத்துக்கொள்ளுங்கள். டேட்டம் விவரம் அதிலேயே பதிந்திருப்பதால் கியூஜிஐஎஸ் போன்ற வரைபட மென்பொருள் மாற்றத்தைத் தானே செய்துவிடும்.

அதன் பின்னும் சிறு விலகல் எஞ்சும். 1947-இல் திருத்தப்பட்ட அமெரிக்க வரைபடத் துல்லிய விதிப்படி, 1:62,500 அளவுத்திட்டத் தாளில் தெளிவான புள்ளிகளுள் 90 சதவீதம் சுமார் 32 மீட்டருக்குள் அமைந்தால் போதும். அதற்கு முன், மேசைப்பலகையை (முக்காலியில் பொருத்திய வரைபலகையை)க் களத்தில் நிறுத்திச் சம உயரக்கோடுகளைக் கையால் வரைந்த தாள்களுக்கு அந்த உத்தரவாதமும் இல்லை. அரசு நில அளவையில் நிலத்தைப் பிரித்த ஒரு மைல் சதுரப் பிரிவுகளின் மூலைக்கற்களுள் இன்றும் களத்தில் கிடைப்பவற்றை வைத்துச் சரிபார்ப்பதே நல்லது.

தாளின் அடியில் உள்ள ஆண்டுகளைத் தனித்தனியே படியுங்கள். அளவீடு செய்த ஆண்டு, பதிப்பாண்டு, மறுஅச்சு ஆண்டு ஆகியவை வெவ்வேறாக இருக்கலாம். 1925-இல் மறுஅச்சான தாள் 1925-இன் நிலையைக் காட்டுவதாகக் கொள்ளக் கூடாது. பிற்காலத் தாள்களில் ஊதா நிறத்தில் இருப்பவை, வான்படங்களைப் பார்த்துப் பின்னர் சேர்க்கப்பட்டவை. பெரும்பாலும் களத்தில் சரிபார்க்கப்படாதவை.

வேலிக்கோட்டை உரிமை எல்லையாகக் கருதவே வேண்டாம். பொதுநிலத்தை வேலியிட்டு வளைப்பதைத் தடுக்க 1885-இல் சட்டமே இயற்றும் அளவுக்கு மேற்குப் பகுதியின் பெரும்பண்ணைகள் நடந்துகொண்டன. நீர்க்கரையும் அப்படியே: வெளிப்போக்கு அற்ற, ஆழம் குறைந்த மல்ஹூர் ஏரி 1930-களின் வறட்சியில் வற்றியது, 1980-களின் நடுவில் பெருகி அண்டை ஏரிகளோடு கலந்தது. ஆகவே தாளிலுள்ள நீலக்கோடு ஒரு பருவத்தின் நிலையை மட்டுமே சொல்லும்.

வரைபடத்தில் ஒரு பட்டியோ வீடோ இல்லையெனில், அது அங்கே இருந்ததில்லை என்று முடிவுகட்டும் முன், அரசு நிலங்களை அன்று அளந்த பொது நில அலுவலகத்தின் அளவைக் குறிப்பேடுகளைப் பாருங்கள். பிரிவுக்கோட்டில் நடந்த அளவையாளர்கள், ஓடையையோ வேலியையோ கடந்த இடத்தை மூலையிலிருந்து இத்தனை சங்கிலி என்று எழுதிவைத்தனர். ஒரு சங்கிலி 66 அடி. டவுன்ஷிப், ரேஞ்ச் எண்களைக் (பிரிவுகள் அடங்கிய பெரிய கட்டத்தைக் குறிப்பவை) கொண்டு தேடினால் நில மேலாண்மைப் பணியகத்தின் இணையப் பதிவுகளில் அந்த அலுவலகத்தின் பழைய அளவை வரைபடங்கள் கிடைக்கும்.